ஈஸ்டுக்கு ஏது ஆயுத பூஜை?

டேய் தம்பி,

பெற்ற பிள்ளைக்கு, அதுவும் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிற பிள்ளைக்கு, உட்கார்ந்து கடிதம் எழுதுகிற அப்பன் புதுச்சேரியிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வேறு என்ன செய்ய? வாயைத் திறந்தால் நமக்குள் சண்டைதான் வருகிறது. காலையில் நடந்த கூத்தை நம் லேத் பட்டறை ஏழுமலை பார்த்தான், அவன் பெண்டாட்டி பார்த்தாள், பக்கத்து ஷெட்டில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானமே போயிற்று. நல்லவேளையாக உன் அம்மா நடுவில் புகுந்து, குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்துவிட்டு வா என்று உன்னை நெல்லித்தோப்பு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வண்டியில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "பூஜ வரைக்கும் எதுலயும் கை வக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். வைக்கவில்லை. பட்டறையில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். உன் ஈஸ்ட் டாங்குக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாலு மணிக்குப் பூஜை. பூசணிக்காய் உடைத்ததும் மெயின் சுவிட்சை இறக்குவேன். நாளைக் காலையில் நான் வந்து ஏற்றும் வரை இந்தக் கூரைக்கு அடியில் எதுவும் ஓடாது. சொந்தமாகப் பட்டறை போட்ட நாளிலிருந்து இதுதான் இங்கே வழக்கம். அவசர வேலை என்று மில்லிலிருந்து ஆள் அனுப்பினார்கள், கப்பல் வேலை என்று காரில் வந்து நின்றார்கள், யாருக்காகவும் அன்றைக்கு லேத்தைத் தொட்டதில்லை. வருஷம் முழுக்க அந்த இரும்பைப் போட்டு வதைக்கிறோம், ஒரு நாள் அதை எதுவும் கேட்காமல் விடுவோம் என்பதுதான் என் கணக்கு. சாமி குத்தம், அது இது என்றெல்லாம் நான் பயப்படுகிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். நீயோ, டாங்குக்குள் இருக்கிற ஈஸ்டுக்கு ராத்திரி முழுக்கக் காற்று நின்றால் அத்தனையும் போச்சு என்கிறாய். "மெஷினுக்குத்தாம்பா ஆயுத பூஜ, ஈஸ்டுக்கு ஏது ஆயுத பூஜ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். ஏழுமலை சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். உன் டாங்குக்கு மட்டும் தனி லைன் இழுத்துக்கொடுங்களேன் என்று அம்மா கேட்டாள். லைனா இங்கே பிரச்சினை? இன்றைக்கு என் பட்டறையில் ஒரு மோட்டார் சுற்றலாமா கூடாதா என்பதுதான் பிரச்சினை.

நான் உன் வேலைக்கு எதிரி என்று நினைக்காதே. சென்னையில் நன்றாக இருந்த லேப் வேலையை விட்டுவிட்டு ஒரு கண்ணாடிக் குடுவையோடு நீ வந்து நின்ற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "தேன்ல இருந்து கண்டுபுடிச்ச ஈஸ்டுபா. சர்க்கரையும் எண்ணையும் குடுத்தா சோப்பு மாதிரி ஒண்ணு செஞ்சு குடுக்கும்" என்றாய். எனக்குத் தெரிந்த ஈஸ்ட் பேக்கரியில் பன்னை ஊதவைக்கிறது, அவ்வளவுதான். சோப்பு செய்கிற ஈஸ்டா என்று கிண்டல் பண்ணினேன். நீ அதற்கு ஒரு பெயர் சொன்னாய், சோஃபோரோலிப்பிட். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. சமையலறையில் குளுக்கோஸும் சூரியகாந்தி எண்ணெயும் ஊட்டி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒரு வாரம் கழித்து ஒரு டம்ளரில் அடியில் தேன் மாதிரி பழுப்பாகத் தேங்கியதைக் கொண்டுவந்து காட்டினாய். தண்ணீரில் கலக்கினேன். நுரையே இல்லை. "என்னடா இது, நுரை வரல?" என்றேன். "நுரைக்கும் அழுக்கு போறதுக்கும் சம்பந்தமே இல்லபா. கைய நீட்டுங்க" என்றாய்.

என் கையைத்தான் உனக்குத் தெரியுமே. நாள் முழுக்க கட்டிங் ஆயிலிலும் கிரீஸிலும் ஊறி, சாயங்காலம் மண்ணெண்ணெயும் துணி சோப்புத் தூளும் போட்டுத் தேய்த்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போன கை. சோற்றைப் பிசைந்தால் எரியும், குழம்பு பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். அந்தப் பழுப்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தபோது கிரீஸ் கழன்று ஓடியது, கொஞ்சம்கூட எரியவில்லை. நான் பாட்டுக்கு எழுந்து போய்விட்டேன் என்று அன்றைக்கு உனக்கு வருத்தம். அடப் பைத்தியக்காரா, அன்றைக்கே ஷெட்டில் பாதியை உனக்குக் காலி பண்ணிக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

டாங்கை நானே செய்கிறேன் என்றேன். வெளியில் வாங்கினால் தரமாக இருக்கும் என்று நீ இழுத்தாய். எனக்குச் சுருக்கென்றது. எவர்சில்வர் தகடு வாங்கி வளைத்து, மூடி போட்டு, கலக்கிக்குத் தண்டு கடைந்து, கண்ணாடி ஜன்னல் வைத்துச் செய்தேன். காற்று உள்ளே போகிற வாய், எண்ணெய் ஊட்டுகிற வாய், சாம்பிள் எடுக்கிற வாய், எல்லாவற்றுக்கும் திருகி மாட்டுகிற மாதிரி மரை போட்டேன். மரை போடுவதில் மேட்டுப்பாளையம் எஸ்டேட்டில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பதை நீயே சின்ன வயதில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். விரலால் சுற்றினாலே வழுக்கிக்கொண்டு ஏறும், இறுக்கினால் சொட்டு கசியாது. அழுத்தம் கொடுத்துச் சோதித்தபோது நீயும்தான் தலையாட்டினாய். முதல் பேட்ச் மூன்றாம் நாள் புளித்து நாறியது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் ஏதோ கொஞ்சம் தேறியது என்று கோட்டக்குப்பத்தில் சோப்பு செய்கிற மதாமிடம் கொண்டுபோனாய். முகர்ந்து பார்த்துவிட்டு அந்த அம்மா, "தோல் வியாதி உள்ளவங்க போடுற சோப்பு தம்பி இது. இந்த வாசனையோட நான் வாங்க முடியாது. இன்னொரு தடவ கொண்டாங்க, அதுவும் சரியில்லன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்று நல்லவிதமாகவே சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து நீ சாப்பிடவில்லை. இந்தத் தடவையும் கெட்டால் எல்லாவற்றையும் மூடிவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

அடுத்த நாள் நீ டாங்கைக் கழற்றி ஒவ்வொரு வாயிலும் பஞ்சு விட்டுத் துடைத்து, துடைத்ததில் கிருமி இருக்கிறதா என்று கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தாய். இரண்டு நாள் கழித்து அந்தத் தட்டை என் முன்னால் வைத்தாய். "மரைக்குள்ள ஒக்காந்துட்டு இருக்குதுபா. ஆவி விட்டாலும் அந்த இடுக்குல போயி சேரல. தண்ணி கசியாதது வேற, கிருமி ஒளியாதது வேற. இதுல மரையே இருக்கக் கூடாது" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் காது அடைத்தது. கையில் இருந்த ஸ்பேனரை வீசினேன், நல்லவேளை சுவரில் பட்டது. எந்த வேலையை வைத்து உன்னைப் படிக்க வைத்தேனோ, எதை ஊரில் நாலு பேர் பாராட்டினார்களோ, அதுதான் உன் பிழைப்பைக் கெடுத்தது என்று கேட்க எந்த அப்பனுக்குப் பிடிக்கும்? இருந்தாலும் செய்தேன். எல்லா மரையையும் அறுத்தெடுத்து, வழவழப்பான வாய் வைத்து வெல்டிங் அடித்து, உள்பக்கம் முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டு, கிளாம்ப் மாட்டிக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால்தான் இந்த பேட்ச் தள்ளிப் போய் பூஜையில் வந்து மாட்டிக்கொண்டது, புரிகிறது. இந்தத் தடவை கெடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். வாசனை மாறவே இல்லை. கலக்கியைக் கொஞ்சம் நிறுத்தினால் அடியில் பழுப்பாக இறங்குகிறது. இப்போதே எடுத்துவிடேன் என்றால், ஊட்டின எண்ணெயை ஈஸ்ட் இன்னும் தின்று முடிக்கவில்லை, எடுத்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும், மதாம் திருப்பி விடுவார் என்கிறாய். நாளை மத்தியானம் வரை பொறுக்கச் சொல்கிறாய். அதுவரை இரவும் பகலும் காற்று ஊதுகிற ப்ளோயர் ஓட வேண்டும். இது அத்தனையும் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் காலையில் நீ பேசிய பேச்சு! எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவன், உன் டாங்கை மட்டும் ஒதுக்கினால் நன்றாக இருக்காதே என்று அந்த சாம்பிள் வாயில் ஒரு பொட்டு வைக்கப் போனேன். பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டாய். சந்தனக் கிண்ணம் கீழே விழுந்தது. "அங்கயா வப்பாங்க? கெடுத்துருவீங்களா இதையும்?" என்றாய். சரி, அது அவசரத்தில் வந்தது என்று விட்டேன், டாங்கின் காலில் வைத்துக்கொண்டேன். பிறகு மெயினை இறக்குகிற பேச்சு வந்தது. நான் முடியாது என்றேன். அப்போது சொன்னாயே, "இதுவும் செத்துப் போனா உங்க மரை மேல தப்பு இல்லன்னு ஆயிடும். அதானப்பா உங்களுக்கு வேணும்?" என்று. ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

இதைப் படிக்கும்போது நீ என்ன நினைத்தாலும் சரி, ஒன்று சொல்லி வைக்கிறேன். நீ நாளைக்கு நாலு பேரை வைத்து வேலை வாங்கப் போகிறவன். தப்பைச் சுட்டிக் காட்டு, அது உன் வேலை. மரை விஷயத்தில் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாய் பார், அது சரி. ஆனால் ஒருத்தன் தப்பை ஒத்துக்கொண்டு, கையால் அறுத்து, சரி செய்து கொடுத்த பிறகு, அதையே எடுத்து நாலு பேர் முன்னால் குத்தக் கூடாது. அப்படிக் குத்தினால் அடுத்த தடவை தப்பு நடந்தால் உன்னிடம் எவனும் சொல்ல மாட்டான், மறைப்பான். அப்புறம், நான் உன் அப்பன்டா. நீ தோற்பதில் எனக்கு என்ன லாபம்? பெங்களூருக்கு நீ போனால் ராத்திரி சாப்பாட்டுக்கு அம்மாவும் நானும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்படி இருக்க, எனக்கு அதுதான் வேண்டும் என்று உனக்கு எப்படிச் சொல்ல வந்தது? மெயினை நான் இறக்குவது என் வழக்கத்துக்காக. அதில் வேறு எதுவும் கிடையாது. கிடையவே கிடையா

இப்போதுதான் திரும்ப வந்து உட்கார்ந்தேன். கையெல்லாம் எண்ணெய், எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

மேலே பாதியில் விட்டிருக்கிறேன் பார், அந்த இடத்தில் ப்ளோயரில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் பாட்டுக்கு வெறுமனே சுற்றுகிறது, ப்ளோயர் நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் குமிழி இல்லை. கலக்கி மட்டும் அந்தக் கெட்டித் தண்ணீரைச் சும்மா கிளறிக்கொண்டிருந்தது. நீ மாட்டி வைத்திருக்கிற தண்ணீரில் கரைந்திருக்கிற காற்றின் அளவு காட்டும் மீட்டரில் நம்பர் இறங்கிக்கொண்டே வந்தது. நான் உடனே எழவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

எழுந்து போய்ப் பார்த்தால், மோட்டாரையும் ப்ளோயரையும் சேர்க்கிற கப்ளிங்கில் இருந்த இரும்பு பின் இரண்டாக முறிந்து கிடந்தது. டப்பாவில் தேடினேன், பொருந்துகிற மாதிரி ஒரு போல்ட்டும் இல்லை. நானே செய்த கப்ளிங், ஊரில் இல்லாத சைஸ். கடைக்கு ஓடலாம் என்றால் இன்றைக்கு எஸ்டேட்டில் எவன் கடை திறந்து வைத்திருக்கிறான்? எல்லாக் கதவிலும் மாவிலையும் மாலையும்தான் தொங்குகிறது. உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன? ஓடி வந்து நின்று நகத்தைக் கடிப்பாய், பின் கடைய உனக்குத் தெரியாது. காற்று இல்லாமல் ஈஸ்ட் பத்து நிமிஷம் தாங்கும், அரைமணி ஆனால் சொல்ல முடியாது என்று நீ எப்போதோ சொன்னது மட்டும் மண்டைக்குள் ஓடியது. மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்திருந்தது.

லேத்தைப் பார்த்தேன். காலையில் நானே குளிப்பாட்டி, எண்ணெய் போட்டு, நெற்றியில் பட்டை போட்டு, சாமந்தி மாலை சார்த்தி வைத்திருந்தது. ராடைக் கவ்விப் பிடிக்கிற சக்கில்கூட ஒரு பொட்டு இருந்தது. மாலையைக் கழற்றிக் கீழே வைக்க நேரம் இல்லை, பிய்த்து எறிந்தேன். "மன்னிச்சுக்கடா" என்று வாய்விட்டு லேத்திடமே சொன்னேன், யாராவது கேட்டிருந்தால் கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள். ராடை மாட்டி சுவிட்சைப் போட்டேன். சக்கில் இருந்த ஈரச் சந்தனமும் குங்குமமும் சிதறி என் முகத்திலும் சட்டையிலும் அடித்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை. முதல் பின்னில் அளவு தப்பி ஒல்லியாகப் போய்விட்டது. தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு ராடு மாட்டினேன். இரண்டாவது சரியாக வந்தது. ப்ளோயர் மோட்டாரை நிறுத்தி, சூட்டோடு சூடாக அதை அடித்து ஏற்றி, மறுபடி ஓட்டினேன். கண்ணாடியில் முதல் குமிழி வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஏழுமலை பொரிகடலைப் பையோடு உள்ளே வந்தான். கிழிந்த மாலையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னா மேஸ்திரி, பூஜ அன்னைக்கு லேத்து ஓட்டினீங்களா?" என்று கேட்டான். "உள்ள உசுரு இருக்குதுடா, மூச்சு நின்னு போச்சு, இன்னா பண்ணச் சொல்ற?" என்று கத்தினேன். அவன் பையை வைத்துவிட்டு என்கூட வந்து டாங்கு முன்னால் நின்றான். இரண்டு பேரும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். நம்பர் இருந்த இடத்திலேயே கிடந்தது. பிறகு கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது, அப்புறம் மெதுவாக ஏறத் தொடங்கியது. இப்போது ஏறக்குறைய நீ விட்டுப் போன இடத்துக்கு வந்திருக்கிறது. கெட்டதா, பிழைத்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நீ வந்து சாம்பிள் எடுத்துப் பார்த்துச் சொல்.

நாலு மணிக்குப் பூஜை உண்டு. பூசணிக்காய் உடைப்போம், அம்மா சுண்டல் கொண்டுவருவாள். மெயின் இறங்காது. ஓட்டியாகிவிட்டது, இனி எந்த முகத்தோடு இறக்குவேன்? நாளை மத்தியானம் நீ எடுத்து முடிக்கிற வரை ப்ளோயர் ஓடட்டும்.

அப்புறம் சொல்கிறேன் என்றேனே. ப்ளோயர் நின்றதும் நான் உடனே எழவில்லை. ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். நம்பர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மனசுக்குள் முதலில் வந்தது பதற்றம் இல்லை தம்பி. அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது. நான் மெயினை இறக்கவில்லை, தானாக நின்றது, யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, மரையும் இல்லாமல்தான் இது போச்சு என்று கணக்குப் போட்டேன். நீ காலையில் சொன்னது அப்படியே எனக்குள் உட்கார்ந்திருந்தது. அது தெரிந்ததும் எனக்கே என்மேல் அருவருப்பு வந்து எழுந்து ஓடினேன். ஆனால் உட்கார்ந்திருந்தது உண்மை. மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு, பின் முறிந்தது, அப்பா ஓடிப்போய்ச் சரி செய்தார் என்று மட்டும் உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீயும் காலையில் பேசியதற்கு மன்னிப்பு கேட்டிருப்பாய். அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு உன் முகத்தை என்னால் பார்க்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி நீ தூங்கியே ஆக வேண்டும், கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கிறது. டாங்கை என் பொறுப்பில் விட்டுவிட்டுத் தூங்கலாமா, கூடாதா என்று இதைப் படித்த பிறகு நீயே முடிவு செய். விட்டால், கண் கொட்டாமல் பார்த்துக்கொள்வேன்.

அப்பா